பொதுத்தேர்வா, பள்ளிக்கே அதிகாரமா? நம் பிள்ளைகள் நிற்கும் இடம் எது?

நம் ஊர்ப் பெரியவர்களிடம் படிப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "எட்டாவது ஃபெயில்" என்பார்கள். எட்டு வருஷம் படித்தேன் என்று யாரும் சொல்வதில்லை. ஏரிக்கரை வழியே நடந்து போய், கிழிந்த புத்தகத்தை ஒட்டவைத்துப் படித்த எட்டு ஆண்டும் கணக்கில் இல்லை. ஒரு தேர்வில் தவறியது மட்டும் பெயருக்குப் பின்னால் பட்டம்போல் ஒட்டிக்கொண்டது. அந்தத் தேர்வுக்கு இ.எஸ்.எல்.சி. என்று பெயர். அதில் தவறிய ஊர்த்தெருப் பையன் மறுபடி எழுதினான், இல்லையென்றால் அப்பாவின் கடையில் உட்கார்ந்தான். சேரிப் பையனுக்கு மறுநாளே பண்ணையில் வேலை காத்திருந்தது.

இந்த நினைவு நம்மிடம் இருப்பதால்தான், 5-ஆம் வகுப்புக்கும் 8-ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் தமிழக அரசு ஆணை போட்டபோது காலனித் தெருக்களில் அத்தனை கோபம் எழுந்தது. "குலக்கல்வி மறுபடி வருகிறதா?" என்று கேட்டவர்கள் பலர். பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை, காமராசர் முதல்வரான பின் 1954-ல் கைவிட்டார்கள். அந்த வரலாறு நம் மக்களுக்கு மறக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் கையில் நுழைவுச்சீட்டைக் கொடுத்துத் தேர்வு எழுது என்பதும் அதே வாசலுக்குத்தான் கொண்டுபோய் விடும் என்று அவர்கள் கணித்ததில் தவறில்லை. எதிர்ப்பு வலுக்க, 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி அரசு அந்த ஆணையைக் கைவிட்டது.

ஆணை போய்விட்டது, அதற்கு வழிவிட்ட சட்டம் போகவில்லை. 2009-ல் இயற்றிய கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக்கூடாது என்று சொன்னது. 2019-ல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. 5, 8 வகுப்புகளில் ஆண்டிறுதித் தேர்வு உண்டு; தவறினால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டு; அதிலும் தவறினால் நிறுத்திவைப்பதா இல்லையா என்பதை அந்தந்த அரசு முடிவு செய்துகொள்ளலாம் என்று எழுதிவைத்தார்கள். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை 3-ஆம் வகுப்பையும் சேர்த்து 3, 5, 8 என்று தேர்வுகளை அடுக்குகிறது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் கையில் இருக்கும் கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளில் நிறுத்திவைக்கும் விதியைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அதைப் பின்பற்றாது என்று இங்கே அறிவித்தார்கள். ஆக, இன்று நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக இருப்பது மாநில அரசின் முடிவு மட்டுமே. ஆட்சி மாறினால், அமைச்சர் மாறினால், அந்த முடிவும் மாறலாம். 2019-ல் அதைத்தான் பார்த்தோம்.

கல்வியாளர்கள் இதைப் பற்றி இரண்டு அணியாகப் பேசுகிறார்கள். நாடு முழுக்க ஒரே அளவுகோல் வேண்டும், அப்போதுதான் எந்தப் பள்ளி பாடம் நடத்துகிறது, எந்தப் பள்ளி சும்மா இருக்கிறது என்பது தெரியும் என்கிறது ஓர் அணி. தேர்வு பிள்ளையைக் கொல்கிறது, பாடத்தையும் மதிப்பீட்டையும் பள்ளியிடமும் ஆசிரியரிடமும் விட்டுவிடுங்கள் என்கிறது இன்னொன்று. தலித் இயக்கத்தார் என்றால் இரண்டாவது அணியில்தான் இருப்போம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கருத்தரங்குக்கு அழைக்கும்போதே அப்படித்தான் அழைக்கிறார்கள். நாம் அவ்வளவு சுலபமாக அந்த நாற்காலியில் போய் உட்கார முடியாது.

காரணம் அண்ணல் அம்பேத்கரின் பள்ளி வாழ்க்கையிலேயே இருக்கிறது. சாக்குத்துணியில் தனியே உட்கார்ந்து அவர் படித்த கதை எல்லாருக்கும் தெரியும். பம்பாயில் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாதவருக்குச் சமஸ்கிருதம் சொல்லித்தர முடியாது என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் பாரசீகம் எடுத்தார். எவன் எந்தப் பாடத்தைப் படிக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அன்று பள்ளியிடம் இருந்தது. பள்ளி அதை அப்படித்தான் பயன்படுத்தியது. 1907-ல் அவரை வெளியே கொண்டுவந்தது பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வு. அந்தக் கேள்வித்தாளை எழுதியவர் இவருக்குச் சமஸ்கிருதம் மறுத்த ஆசிரியர் அல்ல. பள்ளியின் சுதந்திரம் என்று யாராவது சொல்லும்போது, யாருடைய சுதந்திரம் என்று நாம் கேட்பது இதனால்தான்.

பெயர் கிழித்த தாளும் பெயர் தெரிந்த வகுப்பறையும்

பிளஸ் 2 தேர்வில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விடைத்தாளின் முகப்பில் பெயரும் படமும் இருக்கும். திருத்தப் போகும் முன் அந்த முகப்பைக் கிழித்துவிடுகிறார்கள். தாள் வேறு இடத்துக்குப் போகிறது. திருத்துபவருக்கு எழுதியவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது, ஊரா காலனியா என்பதும் தெரியாது. கையெழுத்து மட்டும் தெரியும். திருப்தி இல்லையென்றால் விடைத்தாள் நகல் கேட்டு வாங்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். தேர்வு எழுதியவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்க உரிமை உண்டு, அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் தகவல்தான் என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதற்குப் பக்கத்தில் அகமதிப்பீட்டை வைத்துப் பாருங்கள். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறைக்காவது வெளித்தேர்வாளர் ஒருவர் வருகிறார். அந்தப் பத்து முழுக்க முழுக்கப் பள்ளியின் கையில். வருகைக்கு இவ்வளவு, வகுப்புத் தேர்வுக்கு இவ்வளவு, செயல்திட்டத்துக்கு இவ்வளவு என்று விதி இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிடுகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அதை நாம் குறை சொல்லப் போவதில்லை. எல்லாருக்கும் பத்து கிடைக்கும் இடத்தில் ஒருத்திக்கு மட்டும் ஆறு விழுந்தால் என்ன செய்வது?

எங்கள் மாலை நேர வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அப்படி விழுந்தது. எழுத்துத் தேர்வில் 70-க்கு 64 வாங்கியவள். அகமதிப்பீட்டில் 6. அந்த ஆண்டு பிள்ளைகளைக் கழிப்பறை கழுவச் சொன்னதைப் பற்றி அவளுடைய அப்பா பள்ளிக்குப் போய்க் கேட்டிருந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நம்மால் நிரூபிக்க முடியாது. தொடர்பு இல்லை என்று பள்ளியாலும் நிரூபிக்க முடியாது. நகல் கேட்பதற்குத் தாள் என்று ஒன்று இருந்தால்தானே? பொறியியல் கட்-ஆஃபில் இரண்டு மதிப்பெண்ணுக்குள் எத்தனை ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்பது கலந்தாய்வுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அவள் கடைசியில் வேறு கல்லூரியில் சேர்ந்தாள்.

கொரோனா ஆண்டுகளில் இந்தச் சிக்கல் மாநிலம் முழுக்க விரிந்தது. 2020-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. அதை நாமும்தான் கேட்டோம், உயிர் முக்கியம். மதிப்பெண் எப்படி என்ற கேள்வி வந்தபோது காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்றார்கள். நெல் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போய்வரும் பிள்ளைக்கு வருகையில் என்ன கிடைத்திருக்கும்? அரையாண்டுவரை ஏனோதானோவென்று இருந்துவிட்டு, பொங்கலுக்குப் பிறகு உட்கார்ந்து படித்துப் பொதுத்தேர்வில் மேலே வரும் பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்த ஆண்டு அந்தக் கடைசி மூன்று மாதம் கிடைக்கவே இல்லை.

இங்கிலாந்தில் அதே 2020-ல் நடந்தது இதைவிட மோசம். தேர்வு நடக்காததால் ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தரத்தை மதிப்பிட்டுக் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் தாராளமாகக் கொடுத்திருப்பார்கள் என்று சந்தேகப்பட்ட தேர்வு ஒழுங்குமுறை அமைப்பு, அந்தப் பள்ளியில் முந்தைய ஆண்டுகளில் படித்தவர்கள் என்ன வாங்கினார்கள் என்று பார்த்து, கணினிச் சூத்திரம் ஒன்றால் அதைத் திருத்தியது. ஏறத்தாழ 40 சதவீத மதிப்பீடுகள் கீழே இறக்கப்பட்டன. ஏழைகள் படிக்கும் அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளை கெட்டிக்காரியாக இருந்தாலும், அவளுக்கு முன்னால் அங்கே படித்தவர்களின் தரம் அவள் தலையில் விழுந்தது. நீ யார் என்று பார்க்கவில்லை, எங்கிருந்து வருகிறாய் என்று பார்த்தார்கள். நமக்கு மிகவும் பழக்கமான கணக்கு இது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 17-ஆம் தேதி அரசு அந்தச் சூத்திரத்தைக் கைவிட்டு, ஆசிரியர் கொடுத்த தரத்தையே ஏற்றது.

அட்லாண்டாவில் நடந்தது

அப்படியென்றால் பொதுத்தேர்வை எல்லா வகுப்புக்கும் கொண்டுவந்துவிடலாமா? அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. அங்குள்ள கறுப்பின மக்களின் அனுபவம் நமக்குப் பாடமாகக் கிடக்கிறது.

2002 ஜனவரியில் அதிபர் புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். எந்தப் பிள்ளையையும் பின்னால் விட்டுவிடக்கூடாது என்பது அந்தச் சட்டத்தின் பெயரின் பொருள். 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்புக்கும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. உயர்நிலையில் ஒரு முறை. 2014-க்குள் அத்தனை பிள்ளைகளும் தேறியாக வேண்டும். தேறாத பள்ளிக்குத் தண்டனை. கடைசியில் பள்ளியையே மூடலாம், ஆட்களை மாற்றலாம். அந்தச் சட்டத்தில் நல்லது ஒன்றும் இருந்தது. பள்ளியின் சராசரியை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது. கறுப்பினப் பிள்ளைகள் எவ்வளவு, ஏழைகள் எவ்வளவு, மாற்றுத்திறனாளிகள் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். அதுவரை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்குப் பின்னால் மறைந்திருந்த கறுப்பினப் பிள்ளைகளின் நிலை முதல் முறையாகக் காகிதத்தில் வந்தது.

கூடவே வேறொன்றும் வந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் பெரும்பான்மை கறுப்பினப் பிள்ளைகள். அங்கே மதிப்பெண் மளமளவென்று ஏறியது. கல்வி அதிகாரிக்கு 2009-ல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் விருது கிடைத்தது. விடைத்தாள்களில் அழித்துத் திருத்திய அடையாளம் அளவுக்கு மீறி இருப்பதைப் பத்திரிகைக்காரர்களும் பிறகு மாநில விசாரணைக் குழுவும் கண்டுபிடித்தார்கள். 2011-ல் வந்த அறிக்கை 44 பள்ளிகளில் 178 கல்விப் பணியாளர்களைக் குற்றம் சாட்டியது. அதில் 38 பேர் தலைமையாசிரியர்கள். பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளை ஆசிரியர்களே உட்கார்ந்து அழித்துச் சரியாக்கியிருந்தார்கள். 2015-ல் 11 பேரை நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. அவர்களில் பலரும் கறுப்பின ஆசிரியர்கள்தான். ஏமாந்தவர்கள் கறுப்பினப் பிள்ளைகள். வாசிக்கத் தெரியாத பிள்ளையின் தாளில் தேர்ச்சி என்று இருந்தால், அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் வகுப்பு கிடைக்காது. அதுதான் நடந்தது.

எப்படியாவது எண்ணிக்கையைக் காட்டு என்று மேலிருந்து அழுத்தினால் கீழே என்ன நடக்கும் என்பது நமக்கும் புதிதல்ல. நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுவதற்காக, ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் தடுமாறும் பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும்" என்று சொல்வது இங்கே பல ஆண்டாக நடக்கிறது. அப்படி வெளியே போனவர்களின் பட்டியலை எடுத்தால் அதில் எந்தத் தெருக்காரர்கள் அதிகம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பை நடத்திய தனியார் பள்ளிகளையும் பார்த்தோம். அதைத் தடுக்க 2018-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-ல் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையோடு அதை நீக்கினார்கள். மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று மாணவர் படங்களைப் போட்டுக் கொண்டாடும் வழக்கத்தை 2017-ல் நிறுத்தியது நல்ல காரியம்.

இவற்றையெல்லாம்விட நம்மை அதிகம் வருத்துவது "மினிமம் மெட்டீரியல்". அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவர்களுக்கு அது என்னவென்று தெரியும். மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல் தயாராகும். அவர்களுக்குப் பாடநூல் கிடையாது. இருபது முப்பது பக்கத்தில் ஒரு கையேடு. இந்த ஒரு மதிப்பெண் வினாக்கள், இந்த இரண்டு வரைபடம், இந்தக் கடிதம், இந்த மனப்பாடப் பாடல். இதைப் படித்தால் 35 வந்துவிடும். ஆசிரியர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதல்ல. பிள்ளை தேறட்டும் என்றுதான் இரவு பகலாக உட்கார்ந்து தயாரிக்கிறார்கள். ஆனால் வகுப்பில் முதல் பாதிக்கு முழுப் புத்தகமும் இரண்டாம் பாதிக்கு முப்பது பக்கமும் என்று பிரிந்துபோகிறது. பத்தாம் வகுப்பில் 35-க்கான கல்வியை வாங்கிய பிள்ளை பதினொன்றில் அறிவியல் பிரிவு கேட்டால் எப்படிக் கிடைக்கும்? அமெரிக்காவிலும் இதே கதைதான். தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றே கீழே நிற்கும் பிள்ளைகளைத் தூக்கிவிட்டால் பள்ளி பிழைக்கும் என்று அவர்கள்மேல் கவனத்தைக் குவித்தார்கள். அதற்கும் கீழே இருந்தவர்களை விட்டுவிட்டார்கள்.

2015-ல் அமெரிக்காவில் வசதியான வெள்ளைக்காரப் பெற்றோர் பலர், எங்கள் பிள்ளை இந்தத் தேர்வை எழுதாது என்று புறக்கணிப்பு இயக்கம் நடத்தினார்கள். அப்போது 12 குடியுரிமை அமைப்புகள் சேர்ந்து அந்தப் புறக்கணிப்பை எதிர்த்து அறிக்கை விட்டன. தேர்வு பிடித்துப்போய் அல்ல. தேர்வு இல்லையென்றால் எங்கள் பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கே இருக்காது. கணக்கு இல்லையென்றால் உரிமை கேட்டு நீதிமன்றத்துக்கும் அரசிடமும் போக முடியாது என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வந்த புதிய சட்டம் தண்டனை அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. ஆண்டுத் தேர்வையும் பிரித்துக் காட்டும் கணக்கையும் வைத்துக்கொண்டது. அந்த 12 அமைப்புகளின் நிலை நமக்கு நெருக்கமானது. தேர்வு பிள்ளையைத் தண்டிக்கும்போது அதை எதிர்க்க வேண்டும். பள்ளியைக் காட்டிக்கொடுக்கும்போது அதைக் காப்பாற்ற வேண்டும்.

இது புதுச் சிக்கலும் அல்ல. இங்கிலாந்தில் 1862-ல் ஒரு விதி போட்டார்கள். பள்ளிக்கான மானியம் ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றிலும் தேறுவதைப் பொறுத்தது. ஒரு பாடத்தில் தவறினால் அந்தப் பிள்ளைக்கான மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. ஆய்வாளர் வரும் நாளுக்காக வாசிப்புப் புத்தகத்தையே பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்துவைத்தார்கள். கவிஞர் மேத்யூ ஆர்னால்டு பள்ளி ஆய்வாளராக இருந்தவர். அவரே இதை எதிர்த்தார். 1890-களில் கைவிட்டார்கள். தேர்ச்சிக்கு மானியம் என்ற அதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தக் காலத்தில்தான், 1894-ல், கர்னல் ஆல்காட் அடையாறு அருகே பஞ்சமர்களுக்கான தம் முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார். அரசு ஆய்வாளர் வைத்த தேர்வில் தம் பள்ளிப் பிள்ளைகள் தேறியதை அவர் பெருமையோடு எடுத்துச் சொன்னார். இவர்களுக்குப் படிப்பு வராது என்று சொன்னவர்களின் வாயை அடைக்க அவருக்கு அந்தப் பொதுவான தேர்வுதான் கிடைத்தது. ஒரே முறை, அங்கே ஏழைப் பிள்ளைக்குக் கிளிப்பிள்ளைப் பாடம், இங்கே நம் முன்னோர்க்குச் சாட்சிப் பத்திரம்.

பள்ளிக்கு முழுச் சுதந்திரம் கொடுத்து வெற்றி கண்ட நாடு என்று எல்லாரும் பின்லாந்தைக் காட்டுகிறார்கள். மேல்நிலை முடியும்போது எழுதும் ஒரே ஒரு பொதுத்தேர்வைத் தவிர அங்கே வேறு பொதுத்தேர்வு இல்லை, ஆய்வாளர் இல்லை. உண்மைதான். ஆனால் அந்த நாடு அதை எந்த வரிசையில் செய்தது என்று சொல்ல மாட்டார்கள். 1970-களில் முதலில் ஏழை, பணக்காரர் எல்லார் பிள்ளைக்கும் ஒரே பொதுப்பள்ளி என்றார்கள். மையத்திலிருந்து கறாரான பாடத்திட்டம் போட்டார்கள். ஆசிரியராக வேண்டுமென்றால் முதுகலைப் படிப்பு கட்டாயம் என்றார்கள். பள்ளிகளுக்கு இடையே வேறுபாடு குறைந்த பிறகு, 1990-களில்தான் ஆய்வாளர்களை அனுப்பிவிட்டுச் சுதந்திரத்தைக் கொடுத்தார்கள். இங்கே முதல் படியே இன்னும் ஏறவில்லை. ஒரே ஊரில் சி.பி.எஸ்.இ. பள்ளி வேன் ஊர்த்தெருவுக்கு வரும்; ஆதிதிராவிடர் நலப் பள்ளி காலனிக்குள் தனியே நிற்கும். மாநிலத்தில் அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். இந்த நிலையில் எல்லாருக்கும் சுதந்திரம் என்றால், ஒருவருக்கு அது நீச்சல் குளம் கட்டும் சுதந்திரம், இன்னொருவருக்கு ஓராசிரியரோடு ஐந்து வகுப்பையும் சமாளிக்கும் சுதந்திரம்.

நீட் பற்றி இந்தப் பத்தியில் பலமுறை எழுதியிருக்கிறோம், மீண்டும் விரிக்கவில்லை. ஒன்று மட்டும். நீட்டும் பெயர் கிழித்த தாள்தானே, அதை மட்டும் ஏன் எதிர்க்கிறீர்கள் என்று சில மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பள்ளியில் நடத்திய பாடத்திலிருந்து கேட்கும் தேர்வும், பள்ளிக்கு வெளியே விலைக்கு வாங்க வேண்டிய பயிற்சியிலிருந்து கேட்கும் தேர்வும் ஒன்றல்ல. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். 2016-17-ல் மருத்துவ இடம் பெற்றவர்களில் 12.47 சதவீதம் பேர் மட்டுமே முந்தைய ஆண்டு பிளஸ் 2 முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள். 2020-21-ல் அது 71.42 சதவீதம். ஓராண்டோ ஈராண்டோ வீட்டில் உட்காரவைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டக்கூடிய குடும்பம் எது? பிளஸ் 2-வில் 1,200-க்கு 1,176 எடுத்த அரியலூர் குழுமூர் அனிதாவின் குடும்பம் அல்ல. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்த பிறகே நம் பிள்ளைகள் மறுபடி மருத்துவக் கல்லூரி வாசலைப் பார்த்தார்கள்.

பள்ளியிடம் எதை விடலாம்?

ஆசிரியரின் சுதந்திரத்தை நாம் மறுக்கவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதில் அவருக்கு முழு உரிமை வேண்டும். களத்துமேட்டில் மரக்காலும் படியும் வைத்துப் பின்னம் சொல்லித்தந்த ஓர் ஆசிரியரை நாம் அறிவோம். பிள்ளைகள் கணக்குக்கு அடித்துப் பிடித்து ஓடிவருவார்கள். அவரைச் செயலியில் பதிவேற்று, படிவத்தை நிரப்பு, மாதத் தேர்வு மதிப்பெண்ணை அனுப்பு என்று துரத்தியே அவருடைய களத்துமேட்டுப் பாடத்தை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறோம். யாரை எந்த வரிசையில் உட்காரவைப்பது, யாருக்குக் கழிப்பறை வேலை, யார் மெல்லக் கற்போர், யார் ஒன்பதோடு போக வேண்டியவர் என்பதையெல்லாம் அந்தச் சுதந்திரக் கணக்கில் சேர்க்க மாட்டோம். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் தெரியக்கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. எட்டாம் வகுப்புப் பையன் எங்கே உட்காருவது என்பதைக்கூட ஒரு நீதிபதி எழுதித்தர வேண்டியிருந்தது என்றால், பள்ளிகள் தங்கள் அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்திவந்தன என்பது விளங்கும்.

பத்தாம் வகுப்புக்கு முன் எந்தப் பிள்ளையின் கையிலும் பொதுத்தேர்வு வேண்டாம். கீழ் வகுப்புகளில் பிள்ளைகள் என்ன கற்றிருக்கிறார்கள் என்று அரசு தெரிந்துகொள்ள வேண்டுமானால் சில பள்ளிகளை மாதிரிக்கு எடுத்துச் சோதிக்கலாம். அதன் முடிவு பள்ளிக்கும் அரசுக்கும் உரியது, பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் வரக்கூடாது. அந்த முடிவைச் சாதிவாரியாக, பள்ளி வகைவாரியாகப் பிரித்து வெளியிட வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் நிலை தனியே தெரிய வேண்டும். பிளஸ் 2 பொதுத்தேர்வு இருக்கட்டும். அகமதிப்பீட்டின் பத்துக்கும் பதிவேடு இருக்க வேண்டும், மாணவர் கேட்டால் காட்ட வேண்டும், குறைத்தால் காரணம் எழுத வேண்டும்.

இதற்குச் சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள்; ஒடுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோர்க்கு அவரவர் விகிதத்தில் இடம் உண்டு. பல ஊர்களில் நம் தாய்மார்களின் பெயர் அதில் இருக்கிறது. கூட்டம் நடந்ததே தெரியாமல் வீட்டுக்கு வரும் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு நேரில் போங்கள், அம்மா. போன ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், இந்த ஆண்டு பத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், குறைந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். மெல்லக் கற்போர் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்குப் புத்தகம் முழுவதும் நடத்தினார்களா என்று கேளுங்கள். பிளஸ் 2 படிக்கும் தம்பி தங்கைகள் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை மார்ச்சுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியல் அனுப்பிய பிறகு கேட்டால் பதில் கிடைக்காது. கேட்ட கேள்வியும் அதற்குத் தலைமையாசிரியர் சொன்ன பதிலும் தீர்மானப் பதிவேட்டில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.